டாப் ஸ்பீடு நம்பர் நிஜமா பொய்யா: அறிகுறியை வச்சு கண்டுபிடிக்கிற வழி

ஸ்பீடு போட் வச்சிருக்கிற ரெண்டு பேர் சந்திச்சா முதல் கேள்வியே எவ்வளவு ஓடுதுங்கறதுதான், ஆனா பதிலா வர்ற நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. டேஷ்ல முள்ளு காட்டினதா, போன் ஆப்ல மேக்ஸ்னு வந்ததா, ஒரு பக்கம் மட்டும் ஓடிப் பார்த்ததா, எல்லாமே ஒரே "80 ஓடுது"ல அடங்கிடுது. எனக்கு இது சின்ன விஷயமா படல, ஏன்னா அந்த நம்பரை நம்பித்தான் நாம ப்ராப் (ப்ரொப்பெல்லர்) மாத்தறோம், இன்ஜினை மேல ஏத்தறோம், கீழ இறக்கறோம், நம்பர் தப்பா இருந்தா நல்லா இருக்கிற செட்டப்பை நாமளே கெடுத்துக்கறோம்.

நான் ஒரு சீசன் முழுக்க அப்படித்தான் கெடுத்தேன். டேஷ் மீட்டர்ல 74 காட்டிட்டு இருந்த போட் திடீர்னு 69க்கு மேல போகல, ரெண்டு ப்ராப் மாத்திப் பார்த்தேன், இன்ஜினை ஒரு இன்ச் ஏத்தி ஓட்டினேன், ஹல் (படகோட உடம்பு) அடிப்பக்கம் முழுக்க தேய்ச்சு கழுவினேன், ஒண்ணும் ஆகல. கடைசில படகு நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, மீட்டருக்குப் போற ட்யூப்ல ஒரு ஊசி முனை அளவு ஓட்டை, அவ்வளவுதான் விஷயம். அந்தக் கதை கீழ வரும்.

அதனால நான் பிடிச்சுக்கிட்ட ஒரே விதி: ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு அளவு ஒரே விடையைச் சொல்ற வரைக்கும் அது ஸ்பீடு இல்ல, வெறும் நம்பர். பிட்டோவும் (தண்ணி அழுத்தத்தை வச்சு காட்டற டேஷ் மீட்டர்) ஜிபிஎஸ்ஸும், இல்ல ஜிபிஎஸ்ஸும் ப்ராப் கணக்கும், எதுவா இருந்தாலும் சரி, ரெண்டு சாட்சி வேணும்.

(இங்க வெறும் மைல்னு சொன்னா மணிக்கு அத்தனை மைல்னு எடுத்துக்கோங்க.)

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இதைப் பண்ணுங்க

மீட்டர், ஆப், சார்ட்பிளாட்டர் (படகுல இருக்கிற ஜிபிஎஸ் மேப் ஸ்க்ரீன்) மூணுலயும் யூனிட் என்னன்னு பாருங்க. சிரிக்காதீங்க, நிறைய பேருக்கு பிரச்சனை இங்கயே முடிஞ்சுடும். 1 நாட் அப்படிங்கறது 1.852 கிலோமீட்டர், மைல்ல 1.15. ரெண்டு கருவிக்கு நடுவுல வித்தியாசம் எல்லா ஸ்பீடுலயும் சரியா 15 சதவீதமா நிக்குதுன்னா ஒண்ணு நாட்ல இருக்கு, இன்னொண்ணு மைல்ல இருக்கு, வேற எதையும் நோண்ட வேண்டாம். 70 நாட்டும் 80.6 மைலும் ஒரே ஓட்டம்தான்.

அடுத்தது அடிப்படை ஓட்டம். நேரான, போக்குவரத்து இல்லாத, வேகமா ஓட்ட அனுமதி இருக்கிற தண்ணி, கூட ஒரு ஆள், லைஃப் ஜாக்கெட், கில் ஸ்விட்ச் கயிறு (ஓட்டறவர் விழுந்தா இன்ஜினை நிறுத்தறது) உடம்புல மாட்டியிருக்கணும். ஓட்டறவர் கண்ணு தண்ணியில மட்டும்தான் இருக்கணும், நம்பர் பார்க்கறது கூட வர்றவரோட வேலை, இல்லன்னா கருவியே பதிவு பண்ணிக்கட்டும். 80 மைல்ல ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 36 மீட்டர் போறீங்க, ரெண்டு செகண்ட் ஸ்க்ரீனைப் பார்த்தா 70 மீட்டர் கண்ணை மூடிட்டு ஓட்டின மாதிரி. ஃபுல் த்ராட்டில் கொடுத்து, ட்ரிம் (இன்ஜினோட சாய்வு) செட் ஆனதுக்கு அப்புறம் நம்பர் ஏறறது நின்ன பிறகும் ஒரு பத்து செகண்ட் அப்படியே பிடிங்க. பிறகு திரும்பி அதே பாதையில எதிர்திசையில அதையே செய்யுங்க, ஆனா உங்க அலை அடங்கின பிறகுதான். ரெண்டு திசை ஓட்டத்தோட சராசரிதான் உங்க ஸ்பீடு. தண்ணி மேல உலக சாதனை கணக்கும் இப்படித்தான், 1978 அக்டோபர் 8ஆம் தேதி ஆஸ்திரேலியாவுல ப்ளோவரிங் அணையில கென் வார்பி ஓட்டின மணிக்கு 511 கிலோமீட்டரும் ரெண்டு திசை சராசரிதான். அலை அடங்கற வரைக்கும் காத்திருங்கன்னு நான் அழுத்தி சொல்றதுக்கும் காரணம் இருக்கு: 1967 ஜனவரி 4ஆம் தேதி இங்கிலாந்துல கோனிஸ்டன் ஏரியில சாதனை முயற்சியில இருந்த டொனால்ட் கேம்பெல் முதல் ஓட்டம் முடிஞ்ச உடனே திரும்பி ரெண்டாவது ஓட்டத்தை எடுத்தார், அதுல போட் தூக்கி கவுந்து இறந்துட்டார், முதல் ஓட்டத்தோட அலை இன்னும் அடங்கலங்கறதும் அதுக்கு சொல்லப்படற காரணங்கள்ல ஒண்ணு.

அறிகுறி: குறைஞ்ச வேகத்துல டேஷ் மீட்டர் செத்துக் கிடக்கு, அப்புறம் திடீர்னு துள்ளி ஏறுது

டேஷ்ல இருக்கிற முள்ளு மீட்டர் பெரும்பாலும் பிட்டோ வகை, அதாவது லோயர் யூனிட் (இன்ஜின்ல தண்ணிக்குள்ள இருக்கிற கீழ்ப்பாகம்) முன் விளிம்புல ஒரு சின்ன துளை, அதுல மோதற தண்ணியோட அழுத்தம் ஒரு மெல்லிசான ட்யூப் வழியா மீட்டருக்கு வருது, மீட்டர் அதை ஸ்பீடா காட்டுது. உண்மையில அது ஒரு பிரஷர் கேஜ், மேல எழுதியிருக்கிற நம்பர் மட்டும்தான் ஸ்பீடு. வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்காகும், இதை மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் புரிஞ்சுடும். நல்ல தண்ணியில கணக்கு இப்படி வரும்: 10 மைல்ல 1.45 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு), 20ல 5.8, 40ல 23, 60ல 52, 80ல 93.

இப்ப பாருங்க, ஒரு மீட்டர் உயரத் தண்ணி அழுத்தம் 1.42 பிஎஸ்ஐ. ட்யூப்ல தண்ணி தேங்கி நின்னு, மீட்டர் அதுக்கு ஒரு மீட்டர் மேல இருந்தா, 10 மைல்ல வர்ற மொத்த அழுத்தத்தையும் அந்தத் தண்ணியே தின்னுடும், முள்ளு அசையாது. 60 மைல்ல அதே 1.42 போனா ஒரு மைல் கூட வித்தியாசம் தெரியாது. அதனால கீழ செத்துக் கிடந்து மேல சரியா காட்டுதுன்னா ட்யூப்ல தண்ணி நிக்குது, இல்ல துளையில பாதி அடைப்பு இருக்கு. துளையை மெல்லிசான கம்பியால சுத்தம் பண்ணுங்க, பிறகு ட்யூபை மீட்டர்லேர்ந்து கழட்டிட்டு மேல இருந்து கீழ நோக்கி காத்து அடிங்க. கழட்டாம அடிச்சீங்கன்னா மீட்டர் காலி, அதுக்குள்ள இருக்கிற மெல்லிய குழாய் ஒரே அடியில வளைஞ்சுடும், அப்புறம் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் உதவாது. ட்யூப் எங்கயாவது மடங்கி நசுங்கியிருக்கான்னும் பாருங்க, இன்ஜினை முழுசா ட்ரிம் பண்ணி மேல தூக்கினா மட்டும் மடங்கற இடம் ஒண்ணு இருக்கும், இறக்கி வச்சு பார்த்தா தெரியவே தெரியாது.

அறிகுறி: கீழ சரியா காட்டுது, மேல போகப் போக ஜிபிஎஸ்ஸை விட குறைவா காட்டுது

இதுதான் என் கதை. 30, 40ல ஜிபிஎஸ்ஸும் மீட்டரும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே போகும், 55 தாண்டினா மீட்டர் பின்தங்க ஆரம்பிக்கும். காரணம் மூணு.

முதல் காரணம் ட்யூப் கசிவு. அழுத்தம் குறைவா இருக்கிறப்ப ஓட்டை மூடியே கிடக்கும், 40, 50 பிஎஸ்ஐ வந்ததும் திறந்து கசியும். இதை தண்ணியில இறங்காமலே கண்டுபிடிக்கலாம். மீட்டரை கழட்டிட்டு ட்யூபோட மேல் முனையில பிரஷர் கேஜ் இருக்கிற ஒரு கைப் பம்பை மாட்டுங்க, கீழ துளையை நல்லா அடைச்சு, 50 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தி விட்டுட்டு ரெண்டு நிமிஷம் பாருங்க. முள்ளு இறங்கினா எங்கயோ கசியுது. எனக்கு மெதுவா இறங்கிச்சு, ரொம்ப மெதுவா, 50லேர்ந்து 46க்கு வர ஒரு நிமிஷம் ஆச்சு, இதுக்குப் போயா 5 மைல் குறையும்னு முதல்ல நம்பல. சோப்புத் தண்ணியை ப்ரஷ்ல தொட்டு ட்யூப் முழுக்க தடவிட்டே வந்தேன், டிரான்ஸம்ல (படகோட பின்சுவர்) இருந்து உள்ள நுழையற இடம் சரி, ஜாயின்ட் சரி, ஸ்டீரிங் கேபிள் உரசற இடத்துல வந்ததும் ஒரே ஒரு குமிழி பெருசாகி உடைஞ்சுது, மறுபடி அதே இடத்துல இன்னொண்ணு. கேபிள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்த இடத்தை தேய்ச்சு தேய்ச்சு கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டிருக்கு, ஓடறப்ப கேபிள் அதிர்வுல அது இன்னும் வாய் திறந்திருக்கணும். ஒரு சாண் ட்யூப் மாத்தினேன், மீட்டர் பழையபடி ஜிபிஎஸ்ஸோட ஒட்டி ஓடிச்சு. அந்த சீசன்ல மாத்தின ப்ராப் ரெண்டையும் திருப்பி கழட்டி பழசையே போட்டேன்.

ரெண்டாவது காரணம், அந்த பிட்டோ துளையே தண்ணிக்குள்ள சரியா இல்ல. ஸ்பீடுக்காக இன்ஜினை ஜாக் பிளேட்ல (இன்ஜின் உயரத்தை மாத்தற பிளேட்) ஏத்தி வச்சிருக்கிற போட்ல, வேகம் கூடக் கூட ஹல் மேல எழும்பும், லோயர் யூனிட்டும் கூடவே எழும்பும், துளை நுரையும் காத்தும் கலந்த தண்ணியில மாட்டிக்கும். அப்ப முள்ளு நடுங்கும், ட்ரிம் பண்ணினா குறையும், படகோட சத்தமும் உடம்புல தெரியற ஓட்டமும் ஏறிட்டே போகும் ஆனா நம்பர் இறங்கும். இதுக்கு மீட்டர்ல வைத்தியம் இல்ல, அந்த உயரத்துல பிட்டோவை நம்பாதீங்க, அவ்வளவுதான். அப்படியே கூலிங் வாட்டர் பிரஷரையும் பாருங்க, ஏன்னா பிட்டோவுக்கே தண்ணி பத்தலன்னா தண்ணி இழுக்கிற துளைகளுக்கும் பத்தாம போக வாய்ப்பு இருக்கு, அது ஸ்பீடோமீட்டர் பிரச்சனையை விட ரொம்பப் பெரிய பிரச்சனை.

மூணாவது, டிஜிட்டல் கேஜ். சிலதுல பிட்டோ சென்சார் 100 பிஎஸ்ஐயா 200 பிஎஸ்ஐயான்னு ஒரு செட்டிங் இருக்கும், மாட்டியிருக்கிறது ஒண்ணு செட்டிங்ல இருக்கிறது இன்னொண்ணுன்னா எல்லா வேகத்துலயும் நம்பர் பெரிய அளவுல தப்பும். செட்டிங் சரியா இருந்து சென்சார் 100 பிஎஸ்ஐயா இருந்தா, அதோட உச்சமே சுமார் 83 மைல்தான், படகு 90 ஓடினாலும் கேஜ் அந்த இடத்துலயே ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். ஒவ்வொரு ஓட்டத்துலயும், ஏத்தி இறக்கி எது பண்ணினாலும் அதே நம்பர் வந்தா இன்ஜினை சந்தேகப்படாதீங்க, சென்சாரை சந்தேகப்படுங்க.

அறிகுறி: டேஷ் மீட்டர் ஜிபிஎஸ்ஸை விட எப்பவும் அதிகமா காட்டுது

எல்லாரும் விரும்பற பிழை இது, அதனாலயே யாரும் சரி பண்றதில்ல. அதே கைப் பம்பால சோதிச்சுடலாம், மீட்டருக்கு 23 பிஎஸ்ஐ கொடுத்தா 40 காட்டணும், 52 கொடுத்தா 60 காட்டணும். பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ இருந்தா திருத்துங்க, இல்லன்னா எத்தனை அதிகம்னு ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பக்கத்துல ஒட்டுங்க. கடல் தண்ணி நல்ல தண்ணியை விட சுமார் 2.5 சதவீதம் கனம், அதனால ஏரியில செட் பண்ணின பிட்டோ கடல்ல ஒரு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல அதிகமா காட்டும், 80ல ஒரு மைல்.

இன்னொண்ணும் உண்டு, தண்ணி ஓட்டம். பிட்டோ தண்ணியை வச்சு அளக்குது, ஜிபிஎஸ் தரையை வச்சு அளக்குது. ஆத்துல எதிர்நீரோட்டத்துல போனா பிட்டோ அதிகமாத்தான் காட்டும், ரெண்டுமே அதது வேலையை சரியா செய்யுது. திரும்பி வர்றப்ப வித்தியாசம் தலைகீழா மாறினா மீட்டர் மேல பழி போடாதீங்க.

துடுப்புச் சக்கரம் மாதிரி சுத்தற பேடில்வீல் சென்சார் பத்தி ஒரு வரி போதும், மெதுவா போறதுக்கு நல்லது, டாப் ஸ்பீடுக்கு ஆகாது, அந்த வேகத்துல அதைச் சுத்தி காத்துக் குமிழிதான் இருக்கும்.

அறிகுறி: ஜிபிஎஸ் மேக்ஸ் ஸ்பீடு நம்பவே முடியாத அளவுக்கு இருக்கு

ஓடறப்ப ஸ்க்ரீன்ல 77, 78னு ஓடிட்டு இருந்துச்சு, கரைக்கு வந்து மேக்ஸ் பார்த்தா 86. சந்தோஷமா இருக்கும், ஆனா அது ஸ்பீடு இல்ல. மேக்ஸ்ங்கற இடத்துல கருவி சேமிக்கறது ஒரே ஒரு சாம்பிள், பத்து நிமிஷத்துல ஒரே ஒரு சாம்பிள் தப்பா வந்தா போதும், அதையே பிடிச்சு வச்சுக்கும்.

ஜிபிஎஸ் ஸ்பீடை ரெண்டு விதமா கணக்கு போடலாம். ஒண்ணு, சாட்டிலைட் சிக்னலோட அலைவரிசை மாறறதை வச்சு வேகத்தை நேரடியா எடுக்கறது, டாப்ளர் முறை. நல்ல ரிசீவர்ல, வானம் திறந்திருந்தா, இது ரொம்ப துல்லியம், ஒரு மைல்ல சின்ன பங்குதான் பிழை. ரெண்டாவது, இந்த செகண்ட்ல எங்க இருந்தேன் அடுத்த செகண்ட்ல எங்க இருக்கேன்னு தூரத்தை எடுத்து நேரத்தால வகுக்கறது. சில ஆப் ரெண்டாவதைத்தான் செய்யுது. அதுல இடம் ஒரே தடவை 5 மீட்டர் குதிச்சா செகண்டுக்கு 5 மீட்டர் கூடிடும், அது 11 மைல்! படகு ஒரு இன்ச் கூட வேகம் கூடாமலே 78 வந்து 89 ஆயிடும். பாலத்துக்கு அடியில போறது, உயரமான பாறைச் சுவர் ஓரமா போறது, சிக்னல் போய் திரும்ப வர்றது, இதெல்லாம் அந்த குதிப்புக்கு வழி.

இன்னொரு காரணம் பலருக்கும் தோணாதது. போட் மூக்கை தூக்கித் தூக்கி குதிரை மாதிரி ஆடுதுன்னு வைங்க, போர்பாய்சிங், ஆன்டெனா ஆர்ச் (படகுக்கு மேல வளைவா நிக்கிற சட்டம்) மேல ரெண்டு மீட்டர் உயரத்துல இருக்கு. செகண்டுக்கு ஒரு தடவை, மேலயும் கீழயும் 3 டிகிரி ஆடினாலே அந்த ஆன்டெனா முன்னயும் பின்னயும் வீசறதுல ஒண்ணரை மைல் கூடும், அடுத்த அரை செகண்ட்ல ஒண்ணரை மைல் குறையும். வேகமா பதியற ஜிபிஎஸ் அந்த கூடின நொடியை உண்மையா அளந்து மேக்ஸ்ல போட்டுடும், ஆன்டெனா அவ்வளவு வேகத்துல போனது நிஜம்தான், படகு போகல. ஆன்டெனாவை முடிஞ்ச அளவு தாழ்வா, படகோட நடுப்பகுதிக்கு பக்கமா வைங்க.

தீர்வு ஒண்ணுதான், மேக்ஸை பார்க்காதீங்க, லாக் ஃபைலைத் (கருவி தொடர்ந்து பதிஞ்சு வச்ச பட்டியல்) திறந்து பாருங்க. உச்சத்துல அஞ்சு செகண்ட் தொடர்ந்து நின்ன ஸ்பீடோட சராசரியை எடுங்க. நிஜ உச்சம்னா கிராஃப்ல மேடை மாதிரி தட்டையா இருக்கும், பொய் உச்சம்னா ஊசி மாதிரி நிக்கும். சந்தேகம் தீரலன்னா உச்சத்துல பிடிச்ச அந்த பத்து செகண்டோட முதல் புள்ளிக்கும் கடைசி புள்ளிக்கும் உள்ள தூரத்தை நேரத்தால வகுத்துப் பாருங்க, 80 மைல்னா பத்து செகண்ட்ல 357 மீட்டர் போயிருக்கணும்.

ஜிபிஎஸ்ல வேணும்னே தப்பு கலந்து விடறாங்க, அதை நம்ப முடியாதுன்னு இன்னும் சிலர் சொல்லிட்டு இருக்காங்க. அது 2000 மே மாசத்தோட முடிஞ்சு போச்சு, அமெரிக்கா அப்பவே அந்தக் கலப்பை நிறுத்திடுச்சு.

அறிகுறி: ஜிபிஎஸ் எதிர்பார்த்ததை விட குறைவா காட்டுது, உடம்புக்கு அதிகமா தெரியுது

பல சார்ட்பிளாட்டர்ல ஸ்பீடை வழவழன்னு காட்ட ஃபில்டர் இருக்கும், அதனால நம்பர் ரெண்டு மூணு செகண்ட் பின்னாடி வரும். ஓட்டறதுக்கு இடம் பத்தாம ஓட்டம் சின்னதாப் போய், உச்சம் வந்த உடனே த்ராட்டிலை விட்டீங்கன்னா ஸ்க்ரீன் அந்த உச்சத்தைப் பார்த்தே இருக்காது. ஃபில்டரை குறைங்க, ஓட்டத்தை நீட்டுங்க. செகண்டுக்கு ஒரு தடவை மட்டும் பதியற போன் கூட பத்து செகண்ட் உச்சத்துல நிறுத்திப் பிடிச்சா சரியான விடையைத் தரும், பத்து தடவை பதியற லாகர் வேணும்னு அவசியம் இல்ல, இருந்தா மேடையா ஊசியான்னு பார்க்க சுலபம். போன் பாக்கெட்ல இருந்தாலோ, கார்பன் ஃபைபர் இல்ல உலோகக் கூரைக்குக் கீழ இருந்தாலோ சிக்னல் அடிபடும், சாதா ஃபைபர்கிளாஸ் பெரிசா தடுக்காது.

அறிகுறி: போறப்ப ஒரு நம்பர், வர்றப்ப ஒரு நம்பர்

இது கோளாறே இல்ல, தண்ணியும் காத்தும். போறப்ப 81.2, வர்றப்ப 77.6ன்னா சராசரி 79.4, வித்தியாசத்துல பாதி 1.8, அதுதான் கிட்டத்தட்ட நீரோட்டம். ஸ்பீடு ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க, மொத்த தூரத்தை மொத்த நேரத்தால வகுக்காதீங்க, ரெண்டும் ஒண்ணுன்னு தோணும் ஆனா இல்ல, மெதுவா போற பக்கம் அதிக நேரம் எடுக்கறதால விடை கீழ இழுக்கப்படும். தண்ணியில 30 ஓடற போட், 5 மைல் நீரோட்டம்னா ஒரு பக்கம் 35, இன்னொரு பக்கம் 25, சராசரி 30 சரி, ஆனா மொத்த தூரம் மொத்த நேரம்னு போட்டா 29.2 வரும்.

நீரோட்டம் சராசரியில முழுசா அடிபட்டுப் போகும், காத்து அப்படி போகாது. லேசான டன்னல் ஹல் (நடுவுல காத்து போற வழி இருக்கிற படகு) எதிர்காத்துல மேல தூக்கிக்கும், தண்ணியில ஒட்டற பரப்பு குறையும், அதனால எதிர்காத்துலயே வேகமா ஓடற போட்டும் இருக்கு. அதே தூக்கல்தான் ஒரு அளவுக்கு மேல மூக்கைத் தூக்கி கவுத்தும் விடும். காத்து நல்லா வீசற நாள்ல டாப் ஸ்பீடு எடுக்காதீங்க, நம்பரும் சரியா வராது, ஆபத்தும் அதிகம்.

அறிகுறி: ஸ்லிப் கணக்கு மைனஸ்ல வருது, இல்ல நம்ப முடியாத அளவுக்கு வருது

ஸ்லிப்னா, ப்ராப் வழுக்காம போனா வர வேண்டிய வேகத்துலேர்ந்து படகு எத்தனை சதவீதம் குறையுதுங்கறது. என் கணக்குல பொய்யைப் பிடிக்க இதை விட நல்ல ஆயுதம் இல்ல, அதுவும் பைசா செலவில்லாம. ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) பிட்ச் இன்ச்சால (ப்ராப் ஒரு சுத்துக்கு வழுக்காம முன்னேறற தூரம்) பெருக்குங்க, கியர் ரேஷியோவால (ப்ராப் ஒரு சுத்து சுத்த இன்ஜின் எத்தனை சுத்து) வகுங்க, பிறகு 1056ஆல வகுங்க, வர்றது ப்ராப் வழுக்காம போனா எத்தனை மைல்ங்கறது. 1056 எங்கேர்ந்து வந்ததுன்னா, ஒரு மைல்ல 63360 இன்ச், அதை 60 நிமிஷத்தால வகுத்தா 1056. உதாரணம், 6000 ஆர்பிஎம், 26 பிட்ச், 1.75 ரேஷியோ, விடை 84.4. ஜிபிஎஸ் ரெண்டு திசை சராசரி 76ன்னா 10 சதவீதம் ஸ்லிப், நல்லா செட் பண்ணின வேகப் படகுக்கு நம்பக்கூடிய விடை. அதே போட் 86 ஓடுதுன்னு ஒருத்தர் சொன்னா ஸ்லிப் மைனஸ் 2, அதாவது ப்ராப் தள்ளறதை விட வேகமா படகு ஓடுது, அது நடக்காது, எங்கயோ ஒரு நம்பர் தப்பு.

தப்பு எப்பவும் ஸ்பீடுலதான்னு நினைக்காதீங்க. டேக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டற மீட்டர்) பின்னாடி, ஆல்டர்னேட்டரோட போல் (காந்த முனை) எண்ணிக்கை செட் பண்ற இடம் இருக்கும், 12 போல் ஆல்டர்னேட்டர் இருக்கிற இன்ஜினுக்கு 10ல வச்சிருந்தா 6000 ஓடறப்ப 7200 காட்டும், அது பெரிய தப்பு, உடனே தெரிஞ்சுடும். சின்ன தப்புதான் மறைஞ்சு நிக்கும், 100 ஆர்பிஎம் விலகினாலே ஸ்லிப் ஒண்ணரை சதவீதம் மாறிடும், அதனால முள்ளு டேக்கோவை விட்டுட்டு இன்ஜின் கம்ப்யூட்டர்லேர்ந்து ஆர்பிஎம் எடுங்க. ப்ராப்ல பொறிச்சிருக்கிற பிட்ச்சையும் அப்படியே நம்ப முடியாது, ரிப்பேர் பண்ணினதுலயும் ஓரத்தை வளைச்சு கப் போட்டதுலயும் அது வேலை செய்யற பிட்ச் வேற, கப் போட்டா கூடத்தான் செய்யும். கியர் ரேஷியோ, பழைய லோயர் யூனிட்டை யாராவது மாத்தியிருந்தா நீங்க நினைக்கிறது இல்லாம போகலாம், ப்ளக் எல்லாம் கழட்டிட்டு கியர் போட்டு ஃப்ளைவீலை கையால சுத்தி ப்ராப் எத்தனை சுத்துதுன்னு எண்ணிடுங்க, பத்து சுத்துக்கு எண்ணினா போதும். பேட்டரியை கழட்ட மறக்காதீங்க.

ஸ்லிப் 20க்கு மேல போனா, அளவெல்லாம் சரின்னு உறுதி ஆன பிறகு, அது நிஜமாவே ப்ராப் காத்தை இழுக்குது, இல்ல ப்ராப் ஹப் (ப்ராப்போட நடுப்பகுதி) வழுக்குது, இல்ல படகு சுமை அதிகம்.

அறிகுறி: ரேடார் கன் ஒண்ணு சொல்லுது, ஜிபிஎஸ் ஒண்ணு சொல்லுது

கரையிலேர்ந்து பக்கவாட்டுல பிடிச்சிருப்பாங்க. கோணம் 10 டிகிரின்னா ஒண்ணரை சதவீதம் குறையும், 20ன்னா 6, 30ன்னா 13. கோணத்தால ரேடார் எப்பவும் குறைச்சுத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. படகு நேரா உங்களை நோக்கி வர்ற மாதிரி நிக்க முடிஞ்சா மட்டும் பயன்படுத்துங்க, அதுவும் ஆபத்து இல்லாத உயரமான இடத்துலேர்ந்து. ஸ்டாப்வாட்ச் பத்தி சொல்லணும்னா, 80ல ஒரு கிலோமீட்டருக்கு 28 செகண்ட் ஆகும், கை தாமதம் 0.3 செகண்ட் ஆனாலே கிட்டத்தட்ட ஒரு மைல் பிழை, 400 மீட்டர்ல அதே தாமதம் ரெண்டு மைலுக்கு மேல. வீடியோ எடுத்து ஃப்ரேம் எண்ணினா பரவாயில்ல.

அறிகுறி: எல்லா கருவியும் ஒத்துப்போகுது, ஆனா போன வாரம் 78, இன்னைக்கு 74

அப்ப படகு நிஜமாவே மெதுவா ஓடுது, கருவியை விடுங்க. எரிபொருள் 200 லிட்டர் அதிகமா இருந்தா சுமார் 150 கிலோ, பில்ஜ்ல (படகோட அடித்தட்டு) தண்ணி 100 லிட்டர் நின்னா 100 கிலோ, முதல்ல தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்க. 15 டிகிரி காலையில ஓடினதுக்கும் 38 டிகிரி மதியம் ஓடறதுக்கும் காத்து அடர்த்தி 7 சதவீதம் குறையும், சாதா இன்ஜின்ல பவரும் கூடவே இறங்கும், அதுலயே ரெண்டு மூணு மைல் போயிடும். கண்ணாடி மாதிரி அசையாத தண்ணியை விட லேசா சிலிர்த்த தண்ணியில வேகமா ஓடற ஹல் நிறைய, அதையும் குறிச்சு வைங்க. இதெல்லாம் சமமா இருந்தும் குறைஞ்சா ப்ராப் ஓரத்தை விரலால தடவிப் பாருங்க, பிறகு இன்ஜின் ஆர்பிஎம் முன்ன வந்த அளவு வருதான்னு பாருங்க. ஆர்பிஎம்மும் சேர்ந்து குறைஞ்சிருந்தா பவர் இல்ல சுமை, ஆர்பிஎம் அதேதான் ஸ்பீடு மட்டும் குறைஞ்சிருந்தா ப்ராப் இல்ல ஹல்.

அறிகுறி: ஒரு பார்ட் மாத்தினேன், 8 மைல் கூடிடுச்சு

கூடியிருக்கலாம், ஆனா கணக்கு கேளுங்க. தண்ணி மேல எழும்பி வழுக்கி ஓடற ஹல்ல ஸ்பீடு பவரோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் கூடும், ரொம்ப வேகத்துல காத்துத் தடை சேர்ந்தா அதை விடவும் குறைவு. 300 குதிரை சக்தியை 350 ஆக்கினா அதிகபட்சம் 8 சதவீதம், 75 ஓடினது 81, அதுவே நல்ல விடை. ஏர் ஃபில்டர் மாத்தி 8 மைல்னா முன்னாடி அளந்தது தப்பு, இல்ல பின்னாடி அளந்தது தப்பு. பார்ட் மாத்தற அன்னைக்கே, அதே எரிபொருள் அளவுல, மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு திசை, மாத்தின பிறகு ரெண்டு திசை, முடிஞ்சா பழசை திரும்பப் போட்டு இன்னொரு ஜோடி. பழசுக்கு பழைய நம்பரே திரும்ப வந்தா அந்த லாபம் உங்களது.

நான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி எழுதறேன்: தேதி, திசை, அஞ்சு செகண்ட் சராசரி, ஆர்பிஎம், ஸ்லிப், எரிபொருள், ஆள் எண்ணிக்கை, வெப்பம், காத்து, இன்ஜின் உயரம். அந்த நோட்டுல 74னு முன்னாடி நான் பெருமையா சொல்லிட்டு இருந்த ஓட்டம் இல்ல, ஏன்னா அதுக்கு ஒரு சாட்சிதான் இருந்துச்சு. முதல் வரியே ட்யூப் மாத்தின மறுநாள் ஓடினது: வடக்கே 73.1, தெற்கே 71.9, சராசரி 72.5, ஸ்லிப் 11.